கைப்பிடி தெரியுதா?

எங்கள் ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு என் அக்கா புருஷன்தான் வாத்தியார். மீதிப் பாதி அவரிடம் கற்றவர்களிடம் கற்றுக்கொண்டவர்கள். அவருடைய பாடம் ஒரே ஒரு கேள்வியில்தான் ஆரம்பிக்கும். புதிதாக வந்தவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ஸ்டீயரிங்கைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பார். பக்கத்து சீட்டிலிருந்து மாமா நிதானமாகக் கேட்பார்.

"கைப்பிடி தெரியுதா?"

சைடு கண்ணாடியின் உள்ளோரத்தில் தன் காரின் பின்கதவுக் கைப்பிடி தெரிய வேண்டும். தெரிகிறவரை வண்டியை ஸ்டார்ட் பண்ண விடமாட்டார். அதனால் ஊரில் அவருக்குக் கைப்பிடி வாத்தியார் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் ஏதோ பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி சிரித்துக்கொள்வார்.

எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். நான் பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிறவன். பழைய கார் ஒன்றின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே ரொட்டித் தட்டுகளை அடுக்கியிருக்கிறேன். இன்று என்னைக் கேட்டால் அந்தக் கைப்பிடியைப் பிடுங்கிக் குப்பையில் எறிய வேண்டும் என்பேன். ஆனால் அப்போது அது எனக்கும் வேதவாக்காகத்தான் இருந்தது.

அவர்கள் வீட்டு முன்னறைதான் டிரைவிங் ஸ்கூல். சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேஜைமேல் சக்கரம் கழன்ற ஒரு பொம்மைக் கார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அக்காவின் சமையலறை. காத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும், டெஸ்டில் தோற்று வந்தவர்களைத் தேற்றுவதும், நடுநடுவே மாமாவை வம்புக்கு இழுப்பதும் அவள் வேலை. அது போக, ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவாள். ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவாள். ஊசி குத்துவதில் கைராசிக்காரி என்று பெயர் வாங்கியவள்.

மாமா ஏன் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு அழுதார் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் லைசென்ஸ் டெஸ்ட் என்பது மைதானத்தில் கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுப்பதுதான். கம்பத்தில் பட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ரோட்டுக்குக் கூட்டிப்போவது பேருக்கு. அப்படியே ஒரு முக்கைச் சுற்றிக்கொண்டு வந்தால் ஆபீசர் கையெழுத்துப் போட்டுவிடுவார். ரிவர்ஸில் வண்டி நேராகப் போகிறதா என்று பழகாத கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியை உள்பக்கம் திருப்பி வைத்துவிட்டால் கைப்பிடியும் தெரியும், தரையில் போட்ட கோடும் தெரியும். இரண்டுக்கும் இடையில் கையகலம் இடைவெளி மாறாமல் இருந்தால் வண்டி நேராகப் போகிறது என்று அர்த்தம். மாமா தானே கண்டுபிடித்த வித்தை இது. வேறு ஸ்கூல்களில் அழுதுகொண்டே வெளியே வந்தவர்கள்கூட இவரிடம் வந்து பாஸ் பண்ணினார்கள்.

இன்னொரு கட்டளையும் உண்டு. "கழுத்தைத் திருப்பாதே. கழுத்து திரும்பினா கையும் கூடத் திரும்பும். கண்ணு மட்டும் போகட்டும்." புதிதாக ஓட்டுபவர்கள் திரும்பிப் பார்த்தால் வண்டி ஆடும், வண்டி ஆடினால் ஆபீசர் முகம் சுளிப்பார். அதுவும் சரியான காரணம்தான். மாமா எதையும் காரணம் இல்லாமல் சொல்கிற ஆள் இல்லை. அதுதான் இதில் கொடுமை.

ஆனால் அவர் கழுத்து மட்டும் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. பாடம் நடக்கும் நேரம் முழுக்கப் பக்கத்து சீட்டில் உடம்பை முறுக்கிக்கொண்டு முன்னால், பின்னால், இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். காலுக்கடியில் அவருக்கென்று தனி பிரேக். சாயங்காலமானால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அக்கா துணியைச் சூடாக்கி ஒத்தடம் கொடுப்பாள்.

"ஊருக்கெல்லாம் கழுத்தைத் திருப்பாதன்னு சொல்றவருக்குத்தான் தினம் கழுத்து சுளுக்கு," என்பாள் என்னைப் பார்த்து. "உங்க மாமா புண்ணியத்துல ஊரே நல்லா பின்னாடி போகக் கத்துக்கிச்சு. முன்னாடி போறதுக்கு யாராவது சொல்லிக்குடுத்தா தேவலை."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவளுந்தான்.

அந்த நாளில் வந்து சேர்ந்தவள்தான் பல் ஆஸ்பத்திரிப் பெண். ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள். பயந்த சுபாவம். ஹார்ன் சத்தம் கேட்டாலே பிரேக்கை மிதிப்பாள். டெஸ்டில் தோற்றுத் தோற்று, முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பாள். அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுப்பாள். "இந்த ஆளு சொல்றதை அப்படியே கேளு, கண்ணு. சொந்த புத்தி எதையும் போடாத. பாஸ் ஆயிடுவ," என்று அக்கா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண் அப்படியே கேட்டாள். பாஸும் பண்ணினாள். கேக் வாங்கிக்கொண்டு வந்து முதல் துண்டை அக்காவுக்கு ஊட்டினாள்.

பிறகு அவள் சொந்தமாகக் கார் வாங்கினாள். அதை நேராக ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி மாமாவிடம் காட்டினாள். மாமா காரைச் சுற்றி வந்து, சீட்டில் அவளை உட்காரச் சொல்லி, "கைப்பிடி தெரியுதா?" என்று கேட்டாராம். "அதைத்தான் சார் முதல்ல சரி பண்ணேன்," என்றாளாம். மாமாவுக்கு அன்றைக்கு முழுக்க வாயெல்லாம் பல்.

அந்தக் காரால்தான் என் அக்கா செத்தாள்.

சுற்றுச்சாலையில், காலை நேரம். பல் ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கு முன்னால் ஒரு குப்பை லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டுவதற்காக அவள் பக்கத்து லேனுக்கு வண்டியைத் திருப்பினாள். அந்த லேனில், அவள் காரின் பின்கதவை ஒட்டி, ஐஸ் பெட்டியோடு அக்கா போய்க்கொண்டிருந்தாள். பெரிய இடி ஒன்றும் இல்லை. காரில் ஒரு கீறல்தான். ஆனால் ஸ்கூட்டர் சாய்ந்து அக்கா அடுத்த லேனில் போய் விழுந்தாள். அங்கே பஸ் வந்துகொண்டிருந்தது. மாமாவுக்கு போன் வந்தபோது அவர் மைதானத்தில், வேறு யாருக்கோ ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இருந்த ஒரே அக்கா. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். இதற்குமேல் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, மாமா ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசினார். "அவ பாத்தாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்பார். பாதிப் படியில் நின்றுகொண்டு கேட்பார். லேன் மாறுவதற்கு முன் அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்தாளா, இல்லையா?

"எங்க பாத்திருக்கப் போறா? போன்ல பேசிட்டு வந்திருப்பா," என்றேன். எனக்கு அவளைக் கொன்றுபோட வேண்டும் போல் இருந்தது.

"ஆமா, போன்ல இருந்திருப்பா," என்றார் மாமா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

ஸ்டேஷனில் விசாரித்தோம். அங்கே எழுதுகிற போலீஸ்காரரும் மாமாவிடம் படித்தவர்தான். போன் பின்சீட்டில், பைக்குள், ஜிப் போட்டு இருந்தது என்றார். வேகமாகவும் வரவில்லையாம். இண்டிகேட்டர் போட்டிருந்ததைப் பின்னால் வந்த டாக்ஸிக்காரர் பார்த்திருக்கிறார். மாமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"பாக்காம திருப்பியிருந்தா அது அவ தப்பு, மாப்ள," என்றார். "அவளைத் திட்டலாம், சபிக்கலாம். பாத்தும் தெரியலன்னா..."

எனக்குப் புரிந்தது. புரிந்ததும், பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. அவள் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம். ஆனால் மாமா விடுகிற ஜாதியா?

சில நாள் கழித்து அந்தப் பெண்ணே வந்தாள். போகக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தாராம்; மீறி வந்துவிட்டாள். அவள் அப்பா வாசலிலேயே நின்றுகொண்டார். அவள் முன்னறைக்குள் வந்து, வழக்கமாக உட்காரும் அதே நாற்காலிக்குப் பக்கத்தில், உட்காராமல் நின்றாள். ஆள் பாதியாகிப் போயிருந்தாள். அவளைக் கண்டபடி ஏச வேண்டும் என்று எத்தனை வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன்.

"பாத்தியாம்மா?" என்றார் மாமா.

"பாத்தேன் சார். சத்தியமா பாத்தேன். பின்னாடி ரோடு காலியா இருந்துது."

"பொய் சொல்லாத," என்றேன் நான்.

மாமா கையைக் காட்டி என்னை அடக்கினார். "கண்ணாடி எப்படி வெச்சிருந்த?"

"நீங்க சொன்ன மாதிரிதான் சார். கைப்பிடி தெரியற மாதிரி."

"கழுத்தைத் திருப்பிப் பாத்தியா?"

அவள் ஏதோ பரீட்சையில் பதில் சொல்வது போல நிமிர்ந்து நின்றாள். "இல்ல சார். திருப்பவே இல்ல. நீங்க கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க."

மாமா கொஞ்ச நேரம் மேஜைமேல் இருந்த பொம்மைக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, போம்மா," என்றார். அவள் நகரவில்லை. யாராவது வந்து முதுகைத் தடவிக் கொடுப்பார்கள் என்று நின்றாளோ என்னவோ. கடைசியில் அவள் அப்பா உள்ளே வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த நாளே மாமா ஸ்டேஷனுக்கு வா என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். பின்பக்கத்தில், கைப்பற்றின வண்டிகள் நிற்கிற இடத்தில், அந்தக் கார் தூசி படிந்து நின்றது. எழுதுகிற போலீஸ்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு, பார்க்கப் பிடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

மாமா ஓட்டுநர் சீட்டில் ஏறினார். அந்தப் பெண் குள்ளம். சீட்டு முன்னால் தள்ளியிருந்தது. முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளுங்கள் என்றேன். "அவ உக்காந்த மாதிரிதான் உக்காரணும்," என்று உடம்பைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி, அவள் கண் இருந்திருக்கும் உயரத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுவந்தார். கைப்பிடி தெரிகிறதா என்று நான் கேட்கவில்லை. அது தெரியும் என்று எனக்குத் தெரியும்.

"தூரத்துலேருந்து மெதுவா நடந்து வா, மாப்ள. உங்க அக்கா வந்த பக்கமா."

நான் காருக்குப் பின்னால் தள்ளிப் போய், ஒரு லேன் தூரம் விலகி, நடக்க ஆரம்பித்தேன். கண்ணாடியில் அவர் கண் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது.

"தெரியற," என்றார். "தெரியற. தெரியற."

பின் பம்பரை நெருங்கினேன். கண்ணாடியிலிருந்து அவர் கண் காணாமல் போயிற்று.

"எங்க போயிட்ட?"

"இங்கதான் மாமா இருக்கேன்."

"எங்க?"

"பின்கதவுக்குப் பக்கத்துல. இதோ இருக்கேன்."

"இல்ல மாப்ள. யாருமே இல்ல. ரோடு காலியாத்தான் இருக்கு."

இன்னும் ஓரிரு எட்டு எடுத்து வைத்தால் அவர் கண்ணோரத்தில் ஜன்னலில் பட்டிருப்பேன். எனக்குக் கால் வரவில்லை. என் அக்கா கடைசியாக இருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். பட்டப்பகல். மறைக்க மரம் இல்லை, மேடு இல்லை. அவருக்கு நான் இல்லை.

பிறகு அவர் கண்ணாடியைத் திருப்பும் குமிழைத் தேடிப் பிடித்து வெளிப்பக்கமாகத் திருகினார். கண்ணாடி மெல்ல விரிந்தது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி தட்டையானது. எதிர்ப்பக்கம் இருப்பது போலக் கொஞ்சம் குவிந்து அகலமாகக் காட்டுகிற சாதி இல்லை. அதற்கு இருப்பதே அவ்வளவு இடம்தான். அந்த இடத்திலும் பாதியைக் காரின் வயிறு தின்றுகொண்டிருந்திருக்கிறது. கைப்பிடி ஓரத்துக்குப் போயிற்று, அப்புறம் மறைந்தது. மாமாவின் கண் மறுபடி கண்ணாடிக்குள் வந்து என்னைப் பார்த்தது.

"இப்போ தெரியற," என்றார். "செஞ்சவன் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கான். திருப்புறதுக்கு வழியும் வெச்சிருக்கான். அவ்வளவு லேசா திரும்புது, பாரு."

இறங்கி வந்து அங்கேயே, தரையில், காரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"என்கிட்ட கத்துக்கும்போது ஒருத்தரும் யாரையும் இடிச்சதில்ல. அது அவங்க திறமைன்னு நினைச்சேன். நான் பக்கத்துல உக்காந்து கழுத்து ஒடியப் பின்னாடி பாத்துட்டு இருந்தேன், மாப்ள. அவங்க கண்ணாடியில தெரியாத இடத்தை எல்லாம் நான் பாத்துக்கிட்டேன். டெஸ்ட் முடிஞ்சதும் நான் இறங்கிட்டேன். அந்த சீட்டுல யார் இருக்கான்னு ஒரு நாள்கூட யோசிக்கல."

இல்லை மாமா, உங்கள் தப்பு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. அவர்மேல் எனக்கு அப்போது கோபம் இருந்தது, இன்னும் இருக்கிறது. அவரைப் பார்த்து நெஞ்சு வலித்ததும் நிஜம்.

ஸ்கூலை மூடிவிட்டார். பிறகு ஆரம்பித்ததுதான் ஊரே பேசின கூத்து. மார்க்கெட் வாசலில், ஆஸ்பத்திரி வாசலில், கார் நிற்கிற இடத்திலெல்லாம் போய் நின்றார். ஒவ்வொரு சைடு கண்ணாடியாகக் குனிந்து பார்த்தார். எல்லாம் உள்பக்கம் திரும்பி, கைப்பிடியைக் காட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் அவர் பிள்ளைகள். உள்ளங்கையால் கண்ணாடியை அழுத்தி ஒவ்வொன்றையும் வெளியே திருப்பினார். ஒருத்தர் திருடன் என்று சட்டையைப் பிடித்தார். முகம் பார்த்ததும், "சாரா?" என்று கையை எடுத்துவிட்டார்.

"சார், கண்ணாடி கோணலா இருக்கே. கைப்பிடி தெரியலையே," என்பார்கள்.

"தெரியக் கூடாதுப்பா. உன் வண்டி எங்கயும் ஓடிப் போயிடாது. பக்கத்துல வர்றவனைப் பாரு."

"சரி சார்," என்பார்கள், மரியாதையாக. அவர் அடுத்த காருக்குப் போனதும் கண்ணாடியை உள்ளே திருப்பிக்கொள்வார்கள். பாவம், அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிக்கொள்வார்கள். மாமா மறுநாளும் அதே இடத்துக்குப் போவார். அதே கார், அதே கைப்பிடி. ஊர் முழுக்க ஊட்டி வளர்த்த பழக்கத்தை ஒரு மனுஷன் உள்ளங்கையால் திருப்ப முடியுமா? கடைசியில் போவதையும் விட்டார். டெஸ்ட் மைதானத்தில் இன்றைக்கும் வேறு யாரோ ஒருத்தர் கைப்பிடி தெரியுதா என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கே போனாலும் அந்தப் பெண் இப்போது நடந்துதான் போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

வீட்டில் தனியாக விடப் பயமாக இருந்ததால் காலையில் ரொட்டி போடப் போகும்போது மாமாவை என்னோடு ஏற்றிக்கொள்கிறேன். தட்டுகளை ஜன்னலை மறைக்காமல் தாழ அடுக்கச் சொன்னார், அடுக்கினேன். முதல் நாள் ஏறினதும் என் கண்ணாடியை வெளியே திருப்பினார். நானும் சரி என்றேன். செத்தது என் அக்கா. நான் கேட்காமல் வேறு யார் கேட்பது?

சுற்றுச்சாலை வந்தது. பக்கத்து லேனுக்கு மாற வேண்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். வெறும் ரோடும் அதில் ஓடும் வண்டிகளும் தெரிந்தன. என் வண்டியின் ஓரம் இல்லை. எது எவ்வளவு தூரத்தில் வருகிறது, நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். கழுத்தைத் திருப்பலாம் என்றால் அது என் பேச்சைக் கேட்கவில்லை. அவர் பழக்கின கழுத்து. என்னையறியாமல் என் கை குமிழுக்குப் போயிற்று. கண்ணாடி உள்ளே திரும்பி, ஓரத்தில் கைப்பிடி வந்து நின்றது. எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம்தான் மாமா பக்கத்தில் இருக்கிறார் என்ற நினைவே வந்தது. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் சீட்டில் உடம்பை முறுக்கி, வலிக்கிற கழுத்தைத் திருப்பி, ரொட்டித் தட்டுகளுக்கு மேலே, என் பின்கதவு ஜன்னல் வழியாக, பக்கத்து லேனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரும் இல்ல," என்றார். "போ."